சம்மர் கலெக்ஷன் வந்த வருஷம்

கல்யாணமாகி இரண்டாவது வருஷம், பங்குனி மாதத்தில் ஒரு நாள், என் வீட்டுக்காரர் மத்தியானம் சாப்பிட வந்தார். குழம்பில் உப்புப் போட மறந்தது, பரிமாறிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவரோ ஒரு வார்த்தை சொல்லாமல், தலை நிமிராமல், இரண்டாவது முறையும் சோறு வாங்கி அதே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். உப்பில்லாத குழம்பை ஒரு ஆண்பிள்ளை சத்தம் போடாமல் சாப்பிடுகிறான் என்றால், வெளியே எதையோ செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"கடையில இன்னா நடந்துச்சு?" என்றேன்.

"ஒண்ணும் நடக்கல. மெட்ராஸ்லருந்து கம்பெனி ஏஜெண்டு ஒருத்தர் வந்தாரு. ஒரு பொட்டி எறக்கி வெச்சிக்கினேன்."

"இன்னா பொட்டி?"

மோரை ஊற்றிக்கொண்டே, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்பது போலச் சொன்னார்: "சம்மர் கலெக்ஷன்."

எங்கள் கடை கோயிலுக்குப் போகிற தெருவில் இருந்தது. வளையல், ரிப்பன், கொண்டை ஊசி, பவுடர், ஸ்னோ, கண்மை, சாந்து. காஞ்சிபுரத்துப் பெண்களின் அலங்காரத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்பட்டதில்லை. மிச்சத்தைப் பட்டுப்புடவை பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கடையில் இறங்கிய பெட்டியில் பன்னிரண்டு நிறத்தில் நிறத்துக்கு ஒரு டஜன் நகப் பாலிஷ், எட்டு நிறத்தில் நிறத்துக்கு மூன்று லிப்ஸ்டிக், கன்னத்துக்கு ரூஜ், புருவத்துக்குப் பென்சில் எல்லாம் இருந்தன. கூடவே, கடற்கரையில் குடை பிடித்து நிற்கும் மஞ்சள் தலைமுடிக்காரி ஒருத்தியின் ஆளுயர அட்டைப்படம். கடலே இல்லாத ஊரில் அவள் எங்கள் கடை வாசலில் மூன்று நாள் நின்றாள்.

மூன்று நாளில் ஒன்றுகூட விற்கவில்லை. சரக்கு காரணமில்லை; என் வீட்டுக்காரர்தான் காரணம். வளையல் விற்கிறவர் என்றாலும் கூச்ச சுபாவம். லிப்ஸ்டிக்கைக் காட்டி எந்தப் பெண்ணாவது "இது இன்னாபா?" என்று கேட்டால், உதடு என்ற சொல் அவர் உதட்டில் வராது. கூரையைப் பார்த்துக்கொண்டு "மூஞ்சி ஐட்டம்மா" என்பார். நகப் பாலிஷும் மூஞ்சி ஐட்டம்தான், ரூஜும் மூஞ்சி ஐட்டம்தான். கேட்டவர்கள் ரிப்பனை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

நாலாவது நாள் அவரே வந்து கேட்டார். "நீ சும்மா வந்து நின்னா போதும்மா. லேடீஸ் கேட்டா பதில் சொல்லணும், அவ்ளோதான்."

எனக்கும் வீட்டில் உட்கார்ந்து சலித்திருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த படிப்பை அரிசி டப்பாவின் மேல் "அரிசி" என்று எழுதி ஒட்டுவதைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தியிருக்கவில்லை. உடனே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கடையில் என் முதல் வேலை, புட்டிகளின் அடியில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் பெயர்களைப் படிப்பது. ஒன்றின் பெயர் 'டெசர்ட் வின்ட்'. "பாலைவனக் காத்து" என்று அர்த்தம் சொன்னேன். இன்னொன்று 'சம்மர் ஃப்ரோலிக்'. எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து டிக்‌ஷனரியை வீட்டிலிருந்து எடுத்து வந்து பார்த்தேன்.

"துள்ளி விளையாடுறதுன்னு போட்டிருக்குது."

அவர் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "துள்ளி விளையாடுற கலர் இன்னா கலர்மா?"

அதற்கு டிக்‌ஷனரியில் பதில் இல்லை.

அந்த வாரம் வந்த பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். முசரவாக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா சிவப்பு நகப் பாலிஷைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடும் மருந்து என்று நினைத்து, தன் கால் விரலை நீட்டிக் காட்டினார். ஒருத்தி புருவப் பென்சிலை வாங்குவதாகப் பேரம் பேசி, கடைசியில் அது கணக்கு நோட்டில் எழுதாது என்று தெரிந்ததும் வைத்துவிட்டாள். நான் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். வெயில் ஏற ஏற லிப்ஸ்டிக்குகள் மெத்தென்று ஆகத் தொடங்கின. ஈர மணல் போட்ட சட்டிக்குள் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் எல்லாவற்றையும் படுக்க வைத்தேன். பார்க்கிறவர்கள் ஏதோ நாட்டு மருந்து என்றார்கள்.

"திருப்பி அனுப்பிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒரு மாசம் இருக்கட்டும்" என்றேன். எனக்குக் கடைக்கு வந்துபோவது பிடித்துப்போயிருந்தது. பெட்டி திரும்பினால் நானும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்ற பயம். இதை அவரிடம் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நெசவுக்காரத் தெருவிலிருந்து ஒரு அக்கா கொண்டை ஊசி வாங்க வந்தார். வீட்டில் இரண்டு தறி. நெய்வது வீட்டுக்காரர், பட்டு நூலுக்குச் சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது இந்த அக்காவின் வேலை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். நிறம் பிடித்திருந்தால் "பாகுந்தி" என்பார். பிடிக்காவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார், நூலைத் திரும்ப வைத்துவிடுவார். அந்த மௌனத்துக்குச் சாயக்காரர்கள் நடுங்குவார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

அவர் கண் நகப் பாலிஷ் வரிசையில் நின்றது. ஒரு புட்டியை எடுத்தார். பேசாமல் கடையை விட்டு இறங்கித் தெருவில் நடந்தார்.

"ஏம்மா, பொருளை எடுத்துக்கினு போறாங்கம்மா!" என்று என் வீட்டுக்காரர் என் காதருகில் பதறினார்.

அக்கா பத்தடி தள்ளி, வெயில் நன்றாக விழும் இடத்தில் நின்று, புட்டியை மேலே தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வந்து படியேறினார்.

"நெழல்ல பாத்தா எல்லாக் கலரும் நல்ல கலர்தாம்மா. வெயில்ல வெச்சாதான் தெரியும்" என்றார். "பாகுந்தி. இதுக்குப் பேரு இன்னா?"

"டெசர்ட் வின்ட்."

"அப்டின்னா?"

"பாலைவனக் காத்துங்க்கா."

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "காத்துக்கு ஏதுமா கலரு? இது வெங்காயத்தோல். போன மாசம்தான் இந்தக் கலர்ல ஒரு பொடவை எறக்கினோம்." அடுத்த புட்டியை எடுத்தார். மறுபடி வெயில். "இது மாந்துளிர்." அடுத்தது. "இது அரக்கு. கொஞ்சம் கருப்பு ஏறிப்போச்சு, ஆனா அரக்குதான்." துள்ளி விளையாடுகிற கலர் வாடாமல்லி என்று தெரியவந்தது. பன்னிரண்டு தடவை கடைக்கும் வெயிலுக்கும் நடந்தார். ஒன்பது புட்டிக்குப் பெயர் வைத்தார். மூன்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்தார். எனக்கு அந்த மூன்றின் எதிர்காலம் புரிந்துவிட்டது.

கடைசியாக வெங்காயத்தோலைத் தன் கட்டைவிரல் நகத்தில் பூசச் சொன்னார். காய்ந்ததும் அந்த நகத்தின் ஓரத்தைப் புடவைத் தலைப்பின் மேல் மெல்ல ஓட்டினார். முகம் மலர்ந்தது.

"இந்தாம்மா, பாரு. நகம் பட்டுல சிக்கவே இல்ல! சொரசொரன்னு இருக்கிற நகம் எத்தினி எழை நூலை இழுத்துப்புடுது தெரியுமா? இதைப் பூசிக்கினா வழவழன்னு போவுது."

அதுதான் ஆரம்பம். அன்று மாலையே அந்த ஒன்பது நிறத்துப் புட்டிகளின் மேலும் துண்டுக் காகிதத்தில் தமிழ்ப் பெயர் எழுதி ஒட்டினேன். மறுநாள் நெசவுக்காரத் தெருவிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் எத்தனை பேர் என்று ஞாபகமில்லை. யாரும் அழகுக்காக வாங்கவில்லை. எல்லோரும் தொழிலுக்காகத்தான் வாங்கினார்கள். "நூல் சிக்காதுன்னு சொன்னாங்க" என்று முன்கூட்டியே காரணம் சொல்லிவிட்டுத்தான் புட்டியைத் தொட்டார்கள். தறிக்குப் பக்கத்திலேயே போகாத ஒரு அம்மாகூட நூல் சிக்குவதைப் பற்றிக் கவலைப்பட்டு, பத்துக் கால் விரலுக்கும் சேர்த்து வாங்கிப் போனார். ஒரு பெண் முடிச்சாக நூல் கொண்டுவந்து, "இந்த பார்டர் கலருக்கு ஒத்து வர்றாப்பல குடு" என்றாள். பாலிஷ் உரிந்தால் நகம் முன்னைவிட அதிகமாகச் சிக்கும் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கு அக்காவே வழி சொன்னார்: "உரிஞ்சா இன்னா? மறுபடி பூசிக்கோ."

நகப் பாலிஷ் இப்படிப் போக, லிப்ஸ்டிக்கும் ரூஜும் அப்படியே கிடந்தன. அவற்றுக்கு நூல் சிக்காத நியாயம் எதுவும் கிடைக்கவில்லை.

வைகாசித் திருவிழாவுக்குச் சுற்றுக் கிராமத்து ஜனமெல்லாம் வந்திருந்தபோது, மாகறலிலிருந்து வந்த ஒரு அம்மா ரூஜ் டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"குங்குமமாம்மா?"

"இல்லீங்க. கன்னத்துல பூசிக்கிறது."

"கன்னத்துலயா!" அவர் கையால் வாயைப் பொத்திச் சிரித்தார். "அது கூத்துல வேஷம் கட்றவங்க பூசறதாச்சே. எங்க ஊர்ல பொம்பள வேஷம் கட்றவரு ஒருத்தர் இருக்கறாரு. அவருக்குத்தான் இது ஒத்து வரும்."

நான் விளையாட்டாக, "அப்ப அவரையே வரச் சொல்லுங்க" என்றேன்.

ஐந்து நாள் கழித்து அவர் வந்துவிட்டார்.

நாற்பது வயதிருக்கும். வேட்டி, துண்டு, வெயிலில் உழுத உடம்பு. மீசை மட்டும் இல்லை. கையில் மண்வெட்டிக்குப் புதுக் காம்பு வாங்கி வைத்திருந்தார். கடையில் அப்போது ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். அவர் காம்பைக் கதவோரம் சாய்த்துவிட்டு, "மூஞ்சிக்குப் பூசற சரக்கு வந்திருக்குதாமே" என்று கேட்டதும் எல்லோரும் கையிலிருந்ததை வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஈர மணல் சட்டியை எடுத்து வைத்தேன். அவர் நிறத்துக்கு ஒரு லிப்ஸ்டிக்காகத் திறந்து, மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, தேய்த்துப் பார்த்து, முகர்ந்தார்.

"வேர்வைக்கு நிக்குமாம்மா?"

எனக்குத் தெரியாது. இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஏஜெண்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

"தெரியாதுங்க."

"பூசிப் பாத்தாதானே தெரியும்" என்றவர், தொங்கிய முகக்கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் தூக்கி மாட்டச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஓடிவந்து மாட்டினார். இந்தச் சரக்கைப் பற்றிக் கூரையைப் பார்க்காமல் பேச ஒரு ஆண்பிள்ளை கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

வந்தவர் ரூஜை விரல் நுனியில் தொட்டார். "கன்னத்து எலும்பு மேல வெச்சி, காது பக்கமா இழுக்கணும். வட்டமா வெச்சா பொம்மை மாதிரி ஆயிடும்" என்றார், யாருக்கும் சொல்லாதவர் போல. ஆனால் பெண்கள் எல்லோரும் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார்கள். பென்சிலால் ஒரு புருவத்தை வரைந்தார். அதற்கப்புறம் மாந்துளிர் நிறத்து லிப்ஸ்டிக்; நடுவில் தொட்டு ஓரத்துக்குப் பரத்தினார். முகத்தில் பாதி உழவர், பாதி ராணி. கூட்டத்தில் ஒருத்தி, "அண்ணே, எனக்குக் கன்னம் ஒட்டிக் கிடக்குது. நான் எங்க வெக்கணும்?" என்று கேட்டாள். அவர் அவளைச் சிரத்தையாகப் பார்த்து, "நீ கொஞ்சம் கீழ எறக்கி வெய்யிம்மா" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய டீச்சர் உள்ளே வந்தார்.

பெரிய டீச்சர் என்பது நான் படித்த பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளாதவர், வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டுக் கட்டுகிறவர். எங்கள் வகுப்பில் ஒருத்தி நகப் பாலிஷ் போட்டு வந்தபோது, பத்து விரலையும் பிளேடால் சுரண்ட வைத்தவர். அவரைக் கண்டதும் என் இரண்டு கைகளும் தாமாகவே முந்தானைக்குள் போய்விட்டன. நான் ஒரு கடைக்காரரின் மனைவி, எனக்கு இருபத்தொரு வயது என்பதெல்லாம் கைகளுக்குத் தெரியவில்லை.

"பவுடர் ஒரு டப்பா" என்றார்.

பவுடரை எடுக்கக் கை வேண்டும். நான் நின்றேன்.

"கையை நீட்டு."

நீட்டினேன். பிரம்படி வாங்குகிற மாதிரி, உள்ளங்கை மேலே தெரியத்தான் நீட்டினேன். டீச்சர் திருப்பச் சொன்னார். பத்து நகத்தையும் மூக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இது என்ன நிறம்?"

"வெங்காயத்தோல், டீச்சர்."

"ம்." அவர் பார்வை திரும்பி, கண்ணாடி முன்னால் நின்ற மாகறல்காரரின் மேல் விழுந்தது. அவர் அதற்குள் இரண்டாவது புருவத்தையும் வரைந்து முடித்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது இடி விழும் என்று நான் காத்திருந்தேன்.

"இடது புருவம் மேலே போயிருக்கிறது" என்றார் டீச்சர். "இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை."

மாகறல்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்: "ஆமாம்மா. கண்ணாடி சின்னது."

டீச்சர் தன் கைக்குட்டையின் முனையை மடித்து அவரிடம் கொடுத்தார். அவர் துடைத்து மறுபடி வரைந்தார். "இப்போது சரி" என்று டீச்சர் சொன்ன பிறகுதான் கடையில் எல்லோரும் மூச்சு விட்டோம்.

பவுடரைப் பொட்டலம் கட்டும்போது டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "பம்பாயில் என் அண்ணன் பெண் இருக்கிறாள். அவள் இதெல்லாம் போடுவாள். அவர் பூசியிருக்கிறாரே, அதே நிறத்தில் ஒன்று கட்டு."

"அவங்க என்ன நிறம், டீச்சர்? அதுக்கு ஏத்தாப்பல..."

"கிட்டத்தட்ட என் நிறம்தான்" என்றார் டீச்சர், சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே.

மாகறல்காரர் ரூஜில் பாதியையும் லிப்ஸ்டிக்கில் மூன்றையும் தன் குழுவுக்காக வாங்கினார். அன்று வகுப்புக் கேட்ட மாதிரி நின்றிருந்த பெண்களும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். அவர் மண்வெட்டிக் காம்பைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். முகத்தைக் கழுவ மறந்துவிட்டார் என்பது அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடினார். பஸ் போய்விட்டிருந்தது. கண்டக்டர் மாகறல்காரருக்குப் பெண்கள் பக்கம் இடம் காட்டினாராம்; அவரைப் பற்றி முதலில் சொன்ன அந்த ஊர் அம்மாவே அடுத்த மாதம் வந்து சொல்லிச் சிரித்தார். வேர்வைக்கும் நின்றதாம். கூத்தில் விடிய விடிய ஆடியும் உதட்டுச் சிவப்பு கலையவில்லையாம்.

பள்ளிக்கூடம் திறந்ததும் வேறு டீச்சர்கள் ஒவ்வொருவராக லிப்ஸ்டிக் கேட்டு வரத் தொடங்கினார்கள். ஒருவருக்குப் பம்பாயில் நாத்தனார், ஒருவருக்குச் சித்தப்பா மகள், ஒருவருக்குத் தூரத்து உறவு. எங்கள் ஊரிலிருந்து பம்பாய்க்கு அவ்வளவு பேர் குடியேறியிருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றியபோது பெரிய டீச்சரின் உதடு வழக்கத்தைவிடக் கொஞ்சம் சிவந்திருந்தது. வெற்றிலை போட்டிருக்கலாம். ஆனால் டீச்சருக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தார்.

புரட்டாசியில் மெட்ராஸ் ஏஜெண்டு மறுபடி வந்தார். அந்த வெயிலிலும் கழுத்தில் டை. நான் கல்லாப் பக்கம் நிற்பதைப் பார்த்து "குட் மார்னிங், மேடம்" என்றார். என்னை அப்படி யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று.

"தீபாவளிக்கு ஸ்பெஷலா ஃபெஸ்டிவல் கலெக்ஷன் கொண்டாந்திருக்கேன், மேடம். டோட்டலா நியூ ஷேட்ஸ்" என்று பெட்டியைத் திறந்தார். அட்டைப்படத்தில் அதே மஞ்சள் தலைமுடிக்காரி. குடைக்குப் பதில் கையில் மத்தாப்பு.

நெசவுக்கார அக்கா அப்போது கடையில்தான் இருந்தார். கேட்காமலே ஒரு புட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். ஏஜெண்டு திகைத்தார். "இன்னாம்மா, எங்க போறாங்க?"

"வர்றாங்க சார், இருங்க" என்றார் என் வீட்டுக்காரர் நிதானமாக.

அக்கா திரும்பி வந்தார். "இது வெங்காயத்தோல்."

"நோ நோ, இது நியூ ஷேட். பேரைப் பாருங்க. 'மூன்லைட் வால்ட்ஸ்'."

"பேருதான் புதுசு, சாயம் அதேதான். பழைய புட்டி என் வீட்ல இருக்குது, எடுத்தாரட்டுமா?" அக்கா அடுத்த புட்டியை எடுத்தார். அது மாந்துளிர். அதற்கடுத்தது வாடாமல்லி. பன்னிரண்டில் பத்து பழைய நிறம். புதிதாக இருந்த இரண்டைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தன் கையை ஏஜெண்டின் முன்னால் நீட்டி, அந்த இரண்டில் ஒன்றை மணிக்கட்டில் தடவிக் காட்டினார். மாநிறத் தோலில் அது சாம்பல் பூத்த மாதிரி இருந்தது.

"வெள்ளைக்காரிக்குக் காச்சின சாயம்பா இது. எங்க கைக்கு வேற காச்சிக் கொண்டா."

ஏஜெண்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. டையைத் தளர்த்தினார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்து, வழக்கம்போல என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "சரி சார், உங்களுக்கு இன்னா கலர் வேணும்னு நீங்களே சொல்லுங்க. கம்பெனிக்கு எழுதிப் போடறேன்."

என் வீட்டுக்காரர் வளையல் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "எனக்கு இன்னா தெரியும் சார்? அவங்களைக் கேளுங்க."

நான் சொல்லச் சொல்ல ஏஜெண்டு எழுதிக்கொண்டார். மாந்துளிர் இரண்டு டஜன். அரக்கு, கருப்பு குறைத்து. வேர்வைக்கு நிற்கிற லிப்ஸ்டிக். வெங்காயத்தோலை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று நடுவில் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. தமிழிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.